அம்மை வார்த்த முகம்

எனக்கு அம்மை வார்த்தது கல்யாணமான மறு வருஷம், பங்குனி மாதத்தில். யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். நான் வாழ்க்கைப்பட்ட ஊர் ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில், முந்திரிக் காடுகளுக்கு நடுவே இருந்தது. அப்போது முந்திரி பழுத்துக்கொண்டிருந்தது. அடைத்த அறைக்குள் படுத்திருந்தபோதும் அந்த வாசனை வந்துகொண்டே இருந்தது.

என் மாமியார்தான் என்னைப் பார்த்துக்கொண்டார். அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. வாசலில் வேப்பிலை சொருகினார், வீட்டில் தாளிப்பை நிறுத்தினார், வாழை இலை விரித்து என்னைக் கிடத்தினார். உள்ளே வரும்போதெல்லாம் கும்பிட்டுவிட்டுத்தான் வந்தார். "ஆத்தா, குளுந்து எறங்கிடு தாயே" என்று என்னைப் பார்த்துச் சொல்வார். அம்மை உடம்பில் இருந்தவரை நான் அவருக்கு ஆத்தாளாக இருந்தேன். தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகு நான் வெறும் மருமகள். மருமகளின் முகம் அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

எனக்கு அது மற்றவர்கள் மூலமாகத்தான் தெரியவந்தது. தண்ணீர் ஊற்றிய அன்று நான் கூடத்துக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு இலையைப் பார்த்தார். அதற்கப்புறம் நான் அந்த வீட்டில் இருந்தவரை அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. கெட்ட மனிதர் இல்லை, அடித்ததில்லை, திட்டியதில்லை. ஏதாவது வேண்டுமென்றால் பக்கத்துச் சுவரைப் பார்த்துக் கேட்பார்.

மாமியார் ஒருநாள் முடி வாரிவிட்டபடியே சொன்னார். "என்ன குத்தம் செஞ்சியோ, ஆத்தா இப்படிப் போட்டுட்டா. கொஞ்ச நாளு ஒங்கப்பா வூட்ல இருந்துட்டு வா. ஒடம்பு தேறட்டும்."

அப்பா வண்டி கட்டிக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்ததும் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். ஊர் போய்ச் சேரும் வரைக்கும் அதைத் திரும்பக் கட்டவில்லை. வழியில் மாட்டோடு பேசினார், என்னோடு பேசவில்லை.

குன்னத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கரிசல் மண். மழை பெய்தால் பருத்தியும் வெங்காயமும் விளையும், பெய்யாவிட்டால் ஒன்றும் இல்லை. அம்மா நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே போய்விட்டாள். வீட்டில் அப்பா, அண்ணன், அண்ணி. ஜெயங்கொண்டம் பக்கத்திலிருந்து என்னை அழைத்துப் போக யாரும் வரவில்லை. தை பிறந்த பிறகு, என் வீட்டுக்காரருக்கு வேறு இடத்தில் கல்யாணம் நடந்துவிட்டது என்று சந்தைக்குப் போய்வந்த அண்ணன் சொன்னான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பருத்தி கிள்ளிக்கொண்டிருந்தேன். கிள்ளி முடித்துவிட்டு எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன்.

அழுதிருக்க வேண்டும் என்று பிறகு பலர் சொன்னார்கள். அழாததால்தான் நெஞ்சு மரத்துப்போய்விட்டது என்றும் சொன்னார்கள். இருக்கலாம். அந்த நாட்களில் எனக்குச் சோறு சுவைக்கவில்லை. அண்ணி, "கொழம்புல உப்பு கூடிப்போச்சா?" என்று கேட்பாள். நான் "தெரியல" என்பேன். நான் கோபித்துக்கொள்கிறேன் என்று அவள் நினைப்பாள். உண்மையாகவே எனக்குத் தெரியவில்லை. வெங்காயத் தாள் அறுக்கும்போது ஒருமுறை விரலில் அரிவாள் இறங்கிவிட்டது. பக்கத்தில் இருந்தவள் கூச்சலிட்ட பிறகுதான் ரத்தத்தைப் பார்த்தேன்.

வீட்டுக்கு யாராவது வந்தால் அண்ணி என்னைக் கொல்லைக்கு அனுப்பிவிடுவாள். மனசு நோகாமல்தான் செய்வாள். "அந்தப் பட்டறையில வெங்காயம் அழுவுதான்னு பாத்துட்டு வாயேன்" என்பாள். குச்சி கட்டி, மேலே கீற்றுப் போட்டு வெங்காயத்தைக் காற்றாட வைத்திருக்கும் இடம் அது. நான் போய் அதற்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வேன். வந்தவர்கள் போகும் சத்தம் கேட்ட பிறகு வருவேன். காலையில் யாராவது நல்ல காரியத்துக்குக் கிளம்பினால் நானாகவே உள்ளே போய்விடுவேன். யாரும் சொல்ல வேண்டியதில்லை. முந்தானையை மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டுக்கொள்ள என் கை பழகிவிட்டது.

அந்தச் சமயத்தில் என் மனசில் ஓடிக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்றுதான். என்ன குற்றம் செய்தேன்? மாமியார் கேட்டது கேள்வி இல்லை, ஆனால் நான் அதைக் கேள்வியாக எடுத்துக்கொண்டு பதில் தேடினேன். தீட்டு நாளில் மாரியம்மன் கோயில் வழியாகப் போனதா? சின்ன வயதில் அம்மா கூப்பிடும்போது ஓடிப்போனதா? கல்யாணத்தன்று என் முகத்தைக் கண்ணாடியில் பார்த்து நானே சந்தோஷப்பட்டுக்கொண்டதா? கடைசியில் சொன்னதுதான் குற்றம் என்று முடிவு செய்தேன். அழகாக இருக்கிறோம் என்று நினைத்தேன், ஆத்தா எடுத்துக்கொண்டாள். அப்படி முடிவு செய்ததும் ஒருவிதமாக நிம்மதியாகக்கூட இருந்தது. தண்டனை சரியானதுதான் என்றால் அதற்கு மேல் யோசிக்க வேலை இல்லை.

அடுத்த கோடையில் எங்கள் ஊரிலேயே அம்மை விழுந்தது. எங்கள் தெருக் கோடியில் ஒரு வீடு. புருஷனும் பெண்சாதியும் கைக்குழந்தையும். குழந்தைக்கு முதலில் போட்டு, பிறகு தாய்க்கும் போட்டுவிட்டது. புருஷன் பயந்துபோய்ச் சாவடியில் படுத்துக்கொண்டான். அவனுடைய அக்கா கஞ்சியைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு ஓடிவிடுவாள்.

நான் காட்டிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தேன். வெயில் சாயவில்லை. அந்த வீட்டுக்குள்ளிருந்து, "தண்ணி" என்று குரல் வந்தது. கொஞ்சம் கழித்து மறுபடியும் வந்தது. எனக்கு இரக்கம் வந்தது என்று சொல்ல மாட்டேன். எதுவுமே வரவில்லை. தண்ணீர் என்று காதில் விழுந்தது, அதனால் உள்ளே போய்த் தண்ணீர் கொடுத்தேன். வாசலில் ஈ மொய்த்துக் கிடந்த கஞ்சியைக் கொட்டிவிட்டு வேறு காய்ச்சினேன். அப்படியே அங்கேயே இருந்துவிட்டேன். அப்பாவிடம், "நான் அந்த வூட்ல இருக்கேன். எனக்கு ஒரு தடவ வந்துடுச்சு, இனிமே வராது" என்று சொல்லியனுப்பினேன். அப்பா தடுக்கவில்லை.

குழந்தை பிழைக்கவில்லை. என் மடியில்தான் போனது. பச்சைப் பிள்ளை, குப்புற விழக்கூடப் பழகவில்லை. அதைத் துணியில் சுற்றி வெளியே நின்ற தகப்பனிடம் கொடுத்தேன். தாய்க்குக் கண் திறக்க முடியவில்லை. இமையெல்லாம் வீங்கி ஒட்டிக்கொண்டிருந்தது. ஆனால் குழந்தை சத்தம் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"அக்கா, நான் என்ன தப்பு செஞ்சேன்?" என்று கேட்டாள்.

"நீ ஒண்ணும் செய்யல" என்றேன்.

"எம் புள்ள?"

"அதுவும் ஒண்ணும் செய்யல."

நான் யோசித்துச் சொல்லவில்லை. யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் சொல்லிவிட்டு வேப்பிலையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டிருந்தபோது என் கை நின்றுவிட்டது. அந்தப் பிள்ளை கண்ணாடி பார்த்ததில்லை. கோயில் வழியாக நடந்ததில்லை. அதற்கும் போட்டது. அது ஒன்றும் செய்யவில்லை என்று எனக்கு அவ்வளவு உறுதியாகத் தெரிகிறது. அப்படியானால் நான்?

பெரிய வெளிச்சம் எதுவும் வந்துவிடவில்லை. நான் வேப்பிலையை நனைத்து முடித்தேன். ஆனால் அன்றிலிருந்து என் குற்றத்தைத் தேடுவதை விட்டுவிட்டேன்.

அவள் பிழைத்து எழுந்தாள். அதன்பிறகு அம்மை போட்ட வீட்டிலிருந்தெல்லாம் என்னைக் கூப்பிட்டார்கள். பக்கத்து ஊர்களிலிருந்தும் வண்டி வந்தது. நான் போனேன். பெரிய வைத்தியம் எதுவும் எனக்குத் தெரியாது. தண்ணீர் கொடுப்பேன், நீர்மோர் கொடுப்பேன், அரிக்கும்போது சொறியாதபடி கையைப் பிடித்துக்கொள்வேன், இலையை மாற்றுவேன், பக்கத்தில் இருப்பேன். சிலர் பிழைத்தார்கள். சிலர் போனார்கள்.

இதில் எனக்குப் பிடிக்காத ஒன்று நடந்தது. ஜனங்கள் என் காலைத் தொட ஆரம்பித்தார்கள். ஒரு வீட்டில் நான் உள்ளே நுழையும்போது வீட்டுப் பெரியம்மா மஞ்சள் தண்ணீர் எடுத்துவந்து என் காலில் ஊற்றினாள். "ஆத்தாளே வந்துட்டா" என்றாள். ஒரு காலத்தில் நான் எதிரே வந்தால் சகுனம் பார்த்து நின்று போனவர்கள் இப்போது எதிரே வந்தால் கும்பிட்டார்கள். அண்ணி என்னைக் கொல்லைக்கு அனுப்புவதை விட்டுவிட்டாள். எனக்கு முன்னால் உட்காரவே பயந்தாள். எனக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தது. அப்போதும் யாரும் என்னைப் பார்க்கவில்லை, இப்போதும் பார்க்கவில்லை.

அந்தப் பெரியம்மாவிடம் சொன்னேன். "காலுல ஊத்தாதீங்க. நான் ஆத்தா இல்லீங்க. எனக்கு வந்துச்சு, போச்சு. அம்புட்டுதான்."

"அப்படிச் சொல்லக் கூடாது தாயி."

"எப்படிச் சொன்னாலும் அதான். அந்தத் தண்ணிய உள்ள கொண்டாங்க, கை கழுவணும்."

அரியலூரிலிருந்து அம்மை குத்துகிறவர் ஒருவர் சைக்கிளில் வந்தார். சர்க்கார் ஆள். கையில் கீறி மருந்து வைப்பார். அவர் வருகிறார் என்றாலே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பருத்திக் காட்டுக்குள் போய் ஒளிந்துகொள்வார்கள். நான் சாவடிப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைக் கண்டதும் கையைக் காட்டிக் கூப்பிட்டார். பக்கத்தில் நிறுத்தி, கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்.

"இந்தப் பொம்பளையப் பாருங்க. மூஞ்சியப் பாருங்க. குத்திக்க மாட்டேன்னு ஓடினா உங்க பொண்ணுங்களுக்கும் இந்தக் கதிதான்."

கூட்டம் என்னைப் பார்த்தது. என் கை முந்தானைக்குப் போனது. பாதி வழியில் அது நின்றதை நானே பார்த்தேன். துணியை இழுக்கவில்லை. கையைக் கீழே விட்டுவிட்டேன்.

"சார்," என்றேன், "மூஞ்சியக் காட்டுறதுக்கு என்னையக் கூப்பிடாதீங்க. நீங்க குத்துறப்ப புள்ளைங்களப் புடிச்சுக்கச் சொல்லுங்க, புடிச்சுக்கறேன்."

"சரி, வாம்மா" என்றார் அவர். பெட்டியைத் திறந்தார். குழந்தையை இழந்த அந்தத் தெருக்கோடிப் பெண்தான் முதலில் தன் அக்காள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அதை நான் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். அப்புறம் ஒவ்வொருவராக வந்தார்கள். எல்லோரும் வரவில்லை. பாதித் தெரு வந்திருக்கும்.

வீட்டுக்குத் திரும்பும்போது என் உடம்பு லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. பயமா, கோபமா என்று சொல்லத் தெரியவில்லை. ரொம்ப நாளைக்குப் பிறகு உடம்பு ஏதோ செய்கிறது என்பது மட்டும் தெரிந்தது.

யுத்தம் முடிந்த பிறகு ஒரு கோடையில் என் வீட்டுக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்றார். அண்ணன் கையை ஓங்கிக்கொண்டு போனான், அப்பா பிடித்துக்கொண்டார். அவர் யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"அவளுக்கு அம்மை போட்டிருக்கு. எங்கம்மாவுக்கு முடியல. ஊர்ல யாரும் வர மாட்டேங்கிறாங்க. நீ இந்த மாதிரி வூடுகளுக்குப் போறேன்னு சொன்னாங்க."

அவள் என்றால் இரண்டாவதாகக் கட்டிக்கொண்டவள். அண்ணன், "எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இங்க வந்த?" என்று கேட்டான். எனக்கு அதைக் கேட்டுச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கவில்லை. நான் உள்ளே போய் இரண்டு சேலையைச் சுருட்டி எடுத்துக்கொண்டேன். அப்பா என் பின்னாலேயே வந்தார்.

"போகணுமா பாப்பா?"

"கூப்பிட்ட வூட்டுக்கெல்லாம் போறேன். இங்க மட்டும் போகலன்னா, நான் என்னமோ இன்னும் நெனச்சுக்கிட்டு இருக்கற மாதிரி ஆயிடும்."

அப்பா தலையை ஆட்டினார். புரிந்துதான் ஆட்டினாரா என்று தெரியாது.

அதே அறை. அவள் என்னைவிடச் சின்னவள். முதல் சில நாட்கள் நான் யார் என்றே அவளுக்குத் தெரியாது. தெரிந்தபோது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். நான் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தேன். "ஆறிடும், குடிச்சுட்டுத் திரும்பிக்க" என்றேன். குடித்தாள். அவள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறதா என்று உள்ளே தேடிப் பார்த்தேன். எதுவும் கையில் தட்டுப்படவில்லை. அரிப்பு தாங்காமல் அவள் கத்தும்போது இரண்டு கையையும் என் கைக்குள் வைத்து அழுத்திக்கொள்வேன்.

தலைக்குத் தண்ணீர் ஊற்றி, பாயில் உட்காரவைத்துத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தேன். அவள் கேட்டாள்.

"அக்கா, எம் மூஞ்சி எப்படி இருக்கு?"

இந்தக் கேள்வியை நிறைய வீட்டில் கேட்டிருக்கிறார்கள். ஆறிடும், மங்கிடும் என்று ஏதாவது சொல்லிவிடுவேன். அவளிடம் அப்படிச் சொல்ல வரவில்லை.

"என்னைய மாதிரிதான் இருக்கு" என்றேன்.

அவள் திரும்பி உட்கார்ந்து என்னைப் பார்த்தாள். நெற்றி, கன்னம், தாடை என்று ஒவ்வொரு இடமாகப் பார்த்தாள். யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. நான் துண்டைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

"அப்பப் பரவால்லக்கா" என்றாள்.

நான் அவளைப் பின்பக்கம் திருப்பி உட்காரவைத்து, மறுபடியும் தலையைத் துவட்டினேன். என் கண்ணிலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது. துக்கமாகவும் இல்லை, சந்தோஷமாகவும் இல்லை. வந்தது, விட்டுவிட்டேன்.

அவள் எழுந்து நடமாடத் தொடங்கிய நாலைந்து நாளில் மாமியார் கூடத்தில் உட்கார்ந்து ஆரம்பித்தார். அவருக்கு ரொம்பத் தள்ளாமை வந்துவிட்டிருந்தது. "கொஞ்ச நாளு அவ அம்மா வூட்ல இருந்துட்டு வரட்டும். ஒடம்பு தேறட்டும்." என் வீட்டுக்காரர் தூணில் சாய்ந்து நின்றார். அவள் அடுப்படி வாசலில் நின்றாள். அவள் முகம் வெளுத்ததைப் பார்த்தேன்.

"அத்தை," என்றேன், "அவ எங்கயும் போக வேணாம்."

"இதுல நீ என்ன பேசுற?"

"வண்டி கட்டினீங்கன்னா நானும் அதே வண்டியில ஏறிக்குவேன். அவ அப்பாகிட்டப் போயி எனக்கு நடந்தத ஒண்ணு விடாமச் சொல்லுவேன். அதுக்கப்புறம் இந்த வூட்டுக்கு எவன் பொண்ணு குடுப்பான்னு பாப்போம்."

நான் குரலை உயர்த்தவில்லை. அந்த வீட்டில் நான் அவ்வளவு பேசியது அதுதான் முதல்முறை. மாமியார் மகனைப் பார்த்தார். அவர் என்னைப் பார்த்தார். பல வருஷத்துக்குப் பிறகு, சுவரைப் பார்க்காமல் நேராக என் முகத்தைப் பார்த்தார். நான் அவர் பார்த்து முடிக்கட்டும் என்று நின்றேன்.

"அவ இருக்கட்டும்மா" என்றார்.

மறுநாள் நான் கிளம்பும்போது அவர் மாட்டுக் கொட்டகைப் பக்கம் வந்து நின்றார். "நீயும் இங்கயே இருந்துடேன்" என்றார். நல்ல மனசோடுதான் சொல்லியிருப்பார்.

"இல்லீங்க. எனக்கு அங்க வேல இருக்கு."

"கோவமா?"

"கோவம் இல்லீங்க. இங்க இருந்தா நான் மறுபடியும் ஒங்க முகத்தப் பாத்துத்தான் எம் முகம் எப்படி இருக்குன்னு தெரிஞ்சுக்கணும். அது வேணாம்."

ஜெயங்கொண்டத்தில் பஸ் ஏறினேன். பெட்ரோல் தட்டுப்பாட்டால் கரியில் ஓடுகிற பஸ். ஏற்றத்தில் நின்று நின்று போனது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்துகொண்டேன். காற்று முகத்தில் அடித்தது. அன்று என்ன நினைத்தேன் என்று இப்போது கேட்டால் பெரிதாக ஒன்றும் சொல்லத் தெரியாது. பசித்தது. அரியலூரில் இறங்கியதும் ஸ்டேஷன் பக்கத்தில் இட்லி வாங்கிச் சாப்பிட்டேன்.

அவள் அந்த வீட்டிலேயே வாழ்ந்தாள். ஒரு பெண் பிள்ளை பிறந்தது. பிறந்த சில மாதத்திலேயே அதற்கு அம்மை குத்த ஏற்பாடு செய்தாள் என்று கேள்விப்பட்டேன். நான் அம்மை குத்துகிறவர் பின்னால் எங்கள் பக்கத்து ஊர்களுக்குப் போய்க்கொண்டிருந்தேன். அவர் மாற்றலாகிப் போனார், வேறொருவர் வந்தார். எனக்கு அதுவே வேலையாகிவிட்டது. அந்தப் பெரியம்மா மட்டும் இன்னும் என் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவாள். அவளைத் திருத்த முடியவில்லை.

சுதந்திரம் வந்ததற்கு அடுத்த வருஷமோ அதற்கு அடுத்ததோ, ராமநவமித் திருவிழாவுக்குக் கல்லங்குறிச்சி பெருமாள் கோயிலுக்குப் போயிருந்தோம். அப்பா வேண்டிக்கொண்டபடி காணிக்கைத் தானியம் கொட்டப் போனார். கூட்டத்தில் யாரோ "அக்கா" என்று கையைப் பிடித்தார்கள். எனக்குப் பின்னால் அந்த வீட்டுக்கு வந்தவள்தான். இடுப்பில் பிள்ளை. வண்டிகள் நின்ற புளியமரத்தடியில் உட்கார்ந்தோம். அவள் கட்டிக்கொண்டு வந்திருந்த புளிச்சோற்றைப் பிரித்தாள். போகிறவர்கள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு போனார்கள். ஒருத்தி நின்றே கேட்டுவிட்டாள்.

"நீங்க அக்கா தங்கச்சியா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் வாயில் சோறு வைத்திருந்தேன். அவளே பதில் சொன்னாள். "ஆமாங்க" என்றாள்.

கேட்டவள் போய்விட்டாள். பிள்ளை என் மடிக்குத் தாவி வந்தது. அதற்கு ஒரு வாய் ஊட்டினேன்.